தாயின் நோயும் சேயின் மனமும்

கடலோரத்தில் பிறந்த பிள்ளைக்குக் காற்றைப் படிப்பதற்கு எவரும் பாடம் நடத்துவதில்லை. கச்சான் எழும் நாளையும் வாடை இறங்கும் நாளையும் அது தானாகவே அறிந்துகொள்கிறது. மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் எங்கள் மணற்கரையில், தோணி தள்ளுவோரின் பிள்ளைகள் வானத்தின் நிறத்தைக் கொண்டே அன்றைய உலையின் நிலையைச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இதே கரையில், சில வீடுகளின் பிள்ளைகள் இன்னொரு காற்றையும் படிக்கப் பழகியிருக்கிறார்கள். விடியலில் கண் விழித்ததும் அவர்கள் செவி அடுக்களையை நோக்கித் திரும்புகிறது. பாத்திரங்கள் ஓயாது முழங்கினால் ஒரு பொருள். ஓசையே இல்லாது போனால் வேறொரு பொருள். வாப்பாவின் குரல் உயர்ந்து விரைந்தால் ஒன்று. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தால் மற்றொன்று. அந்தப் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்து சேரும்போது, ஒரு நாளின் உழைப்பில் பாதியை முடித்துவிட்டே வருகிறார்கள். இதை அறியாத நாம், முதற் பாடவேளையில் கொட்டாவி விடும் மாணவனைச் சோம்பேறி என்கிறோம்.

பெற்றோரில் ஒருவருக்கு இருமுனை மனநோய் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். நோயாளரைப் பற்றி மருத்துவ நூல்கள் பல உள. நோயாளரின் கட்டிலுக்கு அருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவனைப் பற்றித் தமிழில் நாம் பேசியது மிகவும் குறைவு.

இந்நோயின் இயல்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனித மனத்துக்கு ஏற்றமும் இறக்கமும் இயல்பு. இந்நோயிலோ அவை கரையை உடைத்துக்கொண்டு வருகின்றன. எழுச்சிக் காலத்தில் நோயாளருக்கு உறக்கம் தேவைப்படுவதில்லை. சொற்கள் ஒன்றையொன்று முந்துகின்றன. இல்லாத பணம் இருப்பதுபோற் செலவழிகிறது. ஒரே இரவில் மாளிகை கட்டும் திட்டங்கள் உருவாகின்றன. தடுப்பவர் மீது சினம் பாய்கிறது. இது ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிக்கும். வீழ்ச்சிக் காலத்தில் அதே மனிதர் எழுந்து முகம் கழுவுவதையும் பெருஞ்சுமையாக உணர்கிறார், உணவு கசக்கிறது, உயிர் வாழ்வதே குற்றமெனத் தோன்றுகிறது. இந்நிலை வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தொடரக்கூடும். இவ்விரண்டுக்கும் இடையே, நல்ல தெளிந்த காலங்களும் உண்டு. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் எமில் கிரெப்பெலின் 1899 ஆம் ஆண்டில் இவ்வேற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே நோயின் இரு முகங்களாக வகுத்துக் காட்டினார். 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. எனவே இது எங்கோ ஒரு வீட்டின் சாபமன்று. எல்லா ஊரிலும் எல்லாச் சமயத்தாரிடமும் காணப்படும் ஒரு நோய்.

பிள்ளைக்கு இந்நோய் தரும் துன்பத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. தாய்க்குக் கண் தெரியாது போனால் அந்தக் குறை நாள்தோறும் ஒரே அளவினது. பிள்ளை அதற்கேற்பத் தன் கையை நீட்டக் கற்றுக்கொள்ளும். இருமுனை நோயுள்ள தாயோ மூன்று தாயராக வருகிறாள். நள்ளிரவில் எழுப்பிச் சோறூட்டிக் கதை சொல்லும் தாய் ஒருத்தி. அழைத்தாலும் திரும்பாத தாய் இன்னொருத்தி. தலை வாரி, பாடம் கேட்டு, அளவோடு கண்டிக்கும் தாய் மற்றொருத்தி. இவர்களுள் எவள் உண்மையானவள் என்னும் வினா பிள்ளையின் நெஞ்சைக் குடைகிறது. எழுச்சிக் காலத்துத் தாயே சிலவேளை அதற்கு மிகவும் பிடித்தவளாகவும் இருக்கிறாள். மருந்து வந்து அந்த ஒளியைத் தணிக்கும்போது பிள்ளை ஏதோ ஒன்றை இழந்ததுபோல் வாடுவதும், பின்னர் அப்படி வாடியதற்காகத் தன்னையே நொந்துகொள்வதும் உண்டு.

நான் இப்பகுதிப் பாடசாலைகளில் நீண்டகாலம் தமிழ் கற்பித்தவன். என்னிடம் எட்டாம் வகுப்பிற் படித்த ஒரு மாணவனின் நினைவு இதனை எழுதும்போது எழுகிறது. ஒரு மாதம் அவன் புதிய பையும் விலையுயர்ந்த பேனாவுமாக வந்தான். வகுப்பு முழுவதற்கும் முஸ்கத் பங்கிட்டான். உம்மா வாங்கித் தந்தாராம். அடுத்த இரண்டு மாதத்துக்குள் அவன் சட்டை கசங்கத் தொடங்கியது; பாதி வேளையில் வந்தான்; விரல் இடுக்கில் கோதுமை மா ஒட்டியிருந்தது. தங்கைமார் இருவருக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு வருகிறான் என்பதைப் பின்னரே அறிந்தேன். கேட்டபோது, “உம்மாவுக்குத் தலைவலி, சேர்” என்றான். அந்தத் தலைவலி ஒரு தவணை முழுவதும் நீடித்தது.

ஒருநாள் மாலை, எல்லாரும் போனபின், கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தவன் திரும்பாமலே சொன்னான்: “நான் ஸ்கொலசிப் பாஸாகல்ல, சேர். அதுக்குப் புறகுதான் உம்மாவுக்கு வந்த.”

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியை எட்டாததால் தாய்க்கு நோய் வந்தது என்று அந்தச் சிறுவன் மூன்றாண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தான். அவனிடம் அப்படி எவரும் சொல்லவில்லை. ஒருவரும் எதுவும் சொல்லாதபடியால், அவனே ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டான். சிறு பிள்ளை உலகத்தின் நடுவில் தன்னை வைத்தே சிந்திக்கும். காரணம் தெரியாத துயரத்துக்குத் தன்னையே காரணமாக்கும். நாம் சொல்லாது விடும் ஒவ்வோர் இடத்தையும் பிள்ளையின் கற்பனை நிரப்பிவிடுகிறது; அது நிரப்புவது பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாகவே இருக்கிறது.

நாம் ஏன் சொல்லாது விடுகிறோம்? ஈரமின்மையால் அன்று, பிள்ளையின் நலம் கருதியே மறைக்கிறோம். எங்கள் ஊர்களில் ஒரு வீட்டில் மனநோய் உண்டென்ற பேச்சு வெளிப்பட்டால், அவ்வீட்டுக் குமர்ப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பேச வருவோரின் கால் பின்வாங்கும். ஆகவே வாப்பா “கொழும்புக்கு வியாபாரமாகப்” போகிறார். உம்மாவுக்குத் “தலைவலி” வருகிறது. மருந்துப் போத்தல் அரிசிப் பெட்டிக்குள் ஒளிகிறது. அங்கொடையில் 1926 ஆம் ஆண்டில் மனநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அந்த ஊரின் பெயரே பின்னர் இலங்கை முழுவதிலும் ஓர் ஏசலாக மாறிப்போனது. 2008 ஆம் ஆண்டில் அந்நிலையம் தேசிய மனநல நிறுவனம் எனப் புதுப் பெயர் பெற்றது. ஏசலோ பழைய பெயரிலேயே நிற்கிறது. பாடசாலை மைதானத்தில் விளையாட்டாக “அங்கொடை” என்று ஒருவன் இன்னொருவனைக் கூப்பிடும்போது, பக்கத்தில் நிற்கும் மூன்றாமவனின் தந்தை அங்கே சேர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்பதை எத்தனை பேர் எண்ணுகிறோம்? மறைத்துவைத்த செய்தி பிள்ளைக்குக் கடைசியில் இப்படித்தான், ஓர் ஏளனச் சொல்லின் வடிவில், வந்து சேர்கிறது.

இவ்விடத்தில் எங்கள் கரையின் குடும்ப அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிணியும் மருந்தும் அதனுள்ளேயே இருக்கின்றன. கிழக்குக் கரையின் முஸ்லிம்களிடமும் தமிழரிடமும் தாய்வழிக் குடிமுறை நெடுங்காலமாக நிலவிவருகிறது. அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்து, 2008 இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்கிறான். அக்காள் தங்கையரின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வேலியிலோ அமைகின்றன. ஆகவே இங்கு ஒரு பிள்ளைக்கு உம்மா ஒருத்தி மட்டுமல்லள்: பெரியும்மாவும் சாச்சியும் உம்மம்மாவும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். உம்மா படுத்த நாளில் அடுத்த வீட்டுக் கோப்பையில் பிள்ளைக்குச் சோறு கிடைக்கும். மாநகரத்து அடுக்குமாடியில், பூட்டிய கதவுக்குள் நோயுற்ற தாயோடு தனித்திருக்கும் பிள்ளைக்கு வாய்க்காத பேறு இது.

எனினும், அந்த வளவே இரகசியத்தின் கோட்டையாகவும் ஆகிவிடுகிறது. பெரியும்மா சோறு போடுவாள். ஏன் போடுகிறாள் என்பதைச் சொல்லமாட்டாள். நோய் தந்தைக்கு வருமாயின் நிலைமை இன்னும் சிக்கலாகும். அவர் மனைவி வீட்டுக்கு வந்தவர். தாய்வழி உறவினர் கூடி, “இனி இவரோடு என்ன வாழ்வு?” என்று பேசும் பேச்சைப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறது. தன் வாப்பாவின் மேல் தனக்கிருக்கும் அன்பு அவ்வீட்டாருக்கு இழைக்கும் துரோகமோ என்று அது கலங்குகிறது. தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போயிருக்கும் குடும்பங்களிலோ, நோயுற்ற தந்தையின் மருந்தை எண்ணிக் கொடுப்பதும் பதினொரு வயதுச் சிறுமியின் கடமையாகிவிடுகிறது.

இந்தப் பிள்ளைகளின் பிற்காலம் என்ன ஆகும் என்பதை அறிய, பிற நாடுகளில் ஆராய்ச்சியாளர் அவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், இருமுனை நோயுள்ள 233 பெற்றோரின் 388 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009 இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரிடம் அந்நோயின் ஏதேனும் ஒரு வடிவம் காணப்பட்டது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்ட பிற குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. நெதர்லாந்தில் 140 பிள்ளைகளை இளமையிற் சேர்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இறுதிவரை நின்றவர்களுள் இருமுனை நோய் கண்டவர் நூற்றுக்கு 13 பேர். ஆனால் மனச்சோர்வு, பதற்றம் முதலிய ஏதோ ஒரு மனத்துன்பத்துக்கு வாழ்வில் ஒருமுறையேனும் ஆளானவர் நூற்றுக்கு 72 பேர்.

இவ்வெண்களை ஆசிரியப் பெருமக்கள் இருமுறை படிக்க வேண்டுகிறேன். முதலாவது எண் ஆறுதலைத் தருகிறது. இப்பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோருக்குப் பெற்றோரின் நோய் வருவதில்லை. “தாயைப் போலத்தான் மகளும்” என்று ஊர் தீர்ப்பு வழங்குவது அறிவியலுக்கு மாறானது. மணப் பேச்சை முறிப்பதற்கு அதனைக் காரணமாக்குவது அறத்துக்கும் மாறானது. இரண்டாவது எண் எச்சரிக்கை செய்கிறது. அந்நோய் வராத பிள்ளையும் அந்நோயின் நிழலில் வளர்ந்ததன் வடுவைச் சுமக்கக்கூடும். பரம்பரைக் கூறு அதில் ஒரு பங்கு. வீட்டின் நிலைகுலைவு மற்றொரு பங்கு. பரம்பரையை நாம் மாற்ற இயலாது. வீட்டைச் சுற்றி நிற்கும் மனிதரை மாற்றலாம், பாடசாலையை மாற்றலாம்.

இந்நோய்க்கு மருந்து உண்டு என்பதையும் பிள்ளை அறிய வேண்டும். 1949 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட், லிதியம் என்னும் எளிய உப்பு எழுச்சி நிலையைத் தணிப்பதைக் கண்டு எழுதினார். அவருடைய தந்தை மனநோய் வைத்தியசாலைகளில் அதிகாரியாக இருந்தவர். ஆதலால் அவ்வைத்தியசாலை வளவுகளிலேயே கேட்டின் சிறுபருவம் கழிந்தது. மனநோயாளரைப் பேயாகவோ வேடிக்கையாகவோ காணாமல், வழியில் எதிர்ப்படும் மனிதராகவே கண்டு வளர்ந்த ஒரு சிறுவன் பின்னாளில் அவர்களுக்கு மருந்து தேடினான். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷோ அம்மருந்தை 1954 இல் முறைப்படி சோதித்து நிலைநாட்டியவர். தம்முடன் பிறந்தார் ஒருவர் மீண்டும் மீண்டும் மனச்சோர்வில் வீழ்ந்ததைப் பார்த்துத் துயருற்றவர் அவர். அச்சகோதரர் பின்னர் லிதியத்தால் நலம் பெற்றார். இன்று வேறு மருந்துகளும் பல உள. ஒழுங்காக உட்கொண்டு, ஒழுங்காக உறங்கி, நீண்ட காலம் நலமாக வாழ்ந்து பிள்ளை வளர்ப்போர் எத்தனையோ பேர்.

எங்கள் மக்களிடையே, மனநோயை ஜின்னின் சேட்டையென்றும் செய்வினையென்றும் கொள்ளும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் நாட்களில் நேர்ச்சை வைத்து நிற்போருள், இத்தகைய துயரோடு வந்தவர்களும் உண்டு. ஏர்வாடிவரை சென்று வந்தோரும் உண்டு. ஓதிப் பார்ப்பதால் மனம் அமைதி பெறுமாயின் அதனைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் ஓதுதல் மருந்தை விலக்கும் காரணமாதல் கூடாது. கட்டும் விலங்கும் எக்காலத்திலும் கூடாது. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் விடுதி தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களுள் ஒவ்வொருவரும் யாரோ ஒருவரின் பிள்ளை. பிள்ளைகளைப் பெற்றவர்களும் அவர்களுள் இருந்திருக்கலாம்.

நோய்க்கு மருந்து தேடுவது இஸ்லாத்துக்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கீ உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் கவியும் துயரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். கெய்ரோவில் 1284 இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதி இருந்தது. ஐரோப்பாவில் அவர்களைக் கூண்டில் அடைத்துக் காட்சிப்பொருளாக்கிய காலத்துக்கும் முற்பட்டது அது. இம்மரபின் வாரிசுகள் வைத்தியரிடம் போக வெட்கப்படுவது பொருந்துமா?

றமழான் மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறக்கம் குறைவது எழுச்சியின் முதல் அடையாளம். உறக்கத்தைக் கெடுப்பது எழுச்சியை வரவழைக்கும் வழியுமாகும். ஸஹருக்கும் தராவீஹுக்கும் இடையில் இரவு சிதறும் அம்மாதத்தில் நோயாளரின் வீடு கவனமாயிருக்க வேண்டும். லிதியம் உட்கொள்வோர் நீர் அருந்தாதிருந்தால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயர்ந்து நஞ்சாக மாறக்கூடும். எனவே நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் கலந்துகொள்ளல் அவசியம். நோயாளருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு நோற்காத தாயைப் பார்த்து அயலார் முணுமுணுக்கும்போது, “உம்மாவுக்கு வருத்தம், நோயாளிக்குக் கடமையில்லை” என்று நிமிர்ந்து சொல்லும் அறிவைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

பிள்ளைக்குச் சொல்வது வைத்தியரின் கடமை என்று சட்டமே செய்த நாடுகள் உண்டு. நோர்வேயில் 2010 ஆம் ஆண்டு முதலாம் நாளிலிருந்து, மனநோயுற்று ஒருவர் சிகிச்சைக்கு வந்தால், அவருக்குச் சிறு பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தேவை என்று மருத்துவப் பணியாளர் கவனித்தாக வேண்டும். பின்லாந்தில் மருத்துவர் டிற்றி சொலன்டவுஸ், பெற்றோரோடு அமர்ந்து அவர்களின் பிள்ளைகளைப் பற்றி உரையாடும் முறையொன்றை வகுத்தார். பிள்ளை எதில் வலியது, எதில் வாடுகிறது, அதற்கு யார் துணை என்பதே அவ்வுரையாடலின் பொருள். இவை கோடிக்கணக்கில் பணம் வேண்டும் காரியங்களல்ல. ஒரு கேள்வி போதும்: “உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை? அவர்களுக்கு இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறீர்கள்?”

எங்கள் மாவட்டத்துக்கும் மனநல சேவைகள் வந்திருக்கின்றன; அவை வந்த வழி துயரமானது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேயே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இக்கரையில் மடிந்தனர். அப்பேரழிவின் பின்னரே மனத்தின் காயம் பற்றி நாடு உரக்கப் பேசத் தொடங்கியது. 2005 இல் தேசிய மனநலக் கொள்கை அங்கீகாரம் பெற்றது. அங்கொடை வரை போகாமல் மாவட்டங்களிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. கல்முனையிலேயே மனநல வைத்தியரைக் காணும் வசதி இன்று உண்டு. ஆயினும், நோயாளர் வரிசையில் தாயின் முந்தானையைப் பற்றி நிற்கும் பிள்ளைக்குத் தனியே ஒரு நாற்காலி இன்னும் இடப்படவில்லை.

இலக்கிய அன்பர்களுக்கு ஒரு நூலை நினைவூட்ட விரும்புகிறேன். மும்பாயைச் சேர்ந்த ஜெரி பின்டோ 2012 இல் ‘எம் அண்ட் த பிக் ஹூம்’ என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டார். இருமுனை நோயுள்ள தாயோடு சிறிய வீட்டில் வளரும் ஒரு மகன் சொல்லும் கதை அது; தம் தாயின் வாழ்விலிருந்தே அது பிறந்ததென ஆசிரியர் கூறியிருக்கிறார். 2016 இல் அதற்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. தாய் அதில் பரிதாபப் பொருளாக இல்லை. நகைச்சுவையும் கூர்மையும் கொடுமையும் அன்பும் ஒருங்கே உடைய பெண்ணாக வாழ்கிறாள். மகன் அவளை நேசிக்கிறான், அஞ்சுகிறான், அந்நோய் தனக்கும் வருமோ என்று நடுங்குகிறான். எங்கள் தமிழுலகில் குணங்குடியாரைப் போன்ற மெய்ஞ்ஞானிகளை மஸ்தான் என்று போற்றி, இறைக்காதலின் மயக்கத்தைப் பாடத் தெரிந்தவர்கள் நாம். வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கும் ஒரு தாயின் மயக்கத்தையும், அவள் காலடியில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் மகளின் தனிமையையும் எழுத இன்னும் துணியவில்லை. கிழக்கிலங்கையின் இளைய எழுத்தாளர் எவரேனும் துணிவாராயின் அது நம் இலக்கியத்துக்கு மட்டுமன்றி, அதைப் படிக்கும் ஒரு பிள்ளைக்கும் துணையாகும்.

இனி, ஆசிரியர்களுக்கு. நாம் வைத்தியர்களல்லோம், நோயை நிர்ணயிப்பது நம் பணியன்று. ஆனால் வீட்டுக்கு வெளியே அப்பிள்ளை நாள்தோறும் காணும் பெரியவர் நாமே. மாறாத முகம் ஒன்று அதற்கு வேண்டும்; அதை நாம் கொடுக்கலாம். வீட்டுப்பாடம் செய்யாத காரணத்தை வகுப்பின் நடுவே நிறுத்திக் கேளாது, தனியே அழைத்துக் கேட்கலாம். பெற்றோர் கூட்டத்துக்கு உம்மா வராவிடில் பெரியும்மாவை வரச் சொல்லலாம். “விசர்” என்னும் ஏசல் வகுப்பில் ஒலிக்கும்போது அதனை அங்கேயே தடுத்து நிறுத்தலாம். பெற்றவர் இறப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை இரகசியமாக வைத்திருக்கும்படி அப்பிள்ளையை விட்டுவிடாமல், அன்றே குடும்பத்துப் பெரியவருக்கும் வைத்தியருக்கும் அறிவிக்க வேண்டும். தேசிய மனநல உதவிச் சேவையின் தொலைபேசி எண் 1926; சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இவ்விரு எண்களையும் பாடசாலைச் சுவரில் எழுதிவைக்க அதிக வர்ணம் தேவையில்லை.

நான் முன்னர் சொன்ன அந்த மாணவனுக்கு விடுதலை தந்தது எந்தப் பேருரையும் அன்று. அவனுடைய சாச்சி ஒருநாள் அவனைத் திண்ணையில் இருத்திச் சொன்னாளாம்: “உம்மம்மாக்குச் சீனி வருத்தம் இருக்கு தானே, மனே? அதுபோல உங்க உம்மாக்கு மூளையில ஒரு வருத்தம். நீ செஞ்சு வந்ததில்ல. நீ சுகமாக்கவும் ஏலா. டொக்டர் பார்ப்பாரு. நீ பள்ளிக்கூடம் போ.” அவ்வளவுதான். எழுதப் படிக்க அதிகம் அறியாத அப்பெண், மேலைநாட்டு அறிஞர் பல்லாண்டுகள் ஆராய்ந்து கண்ட முடிவைத் தன் வாய்மொழியில் சொல்லிவிட்டாள். இது ஒரு நோய், உன்னால் வந்ததன்று, அதைத் தீர்ப்பது உன் கடமையுமன்று, உன் வாழ்வை நீ வாழலாம். அதன்பின் அவன் தாய்க்கு நோய் வராமல் நின்றுவிடவில்லை, வந்தது. ஆனால் வந்தபோது அவன் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டு வேலியைத் தட்டிச் சாச்சியைக் கூப்பிட்டான்.

உண்மை சொன்னால் பிள்ளை உடைந்துவிடும் என்று அஞ்சுவோரிடம் நான் வேண்டுவது ஒன்றே. பிள்ளை ஏற்கெனவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. இரவில் நடக்கும் காலடிகளை எண்ணிக்கொண்டு, போர்வைக்குள் விழித்துக் கிடக்கிறது. அதற்குத் தெரியாதது அந்நோயின் பெயர் மட்டுமே. பெயரற்ற இருளைக் காட்டிலும் பெயருள்ள நோய் சிறியது. அந்தப் பெயரை நம்மில் ஒருவர், அதன் மொழியில், அதன் தோளில் கைவைத்துச் சொல்லிவிட்டால், மற்றப் பிள்ளைகளைப் போல அதுவும் சற்றே கண்ணயரும்.